காபூலில் கால்நடைத் தொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஆப்கானிஸ்தானுக்குக் கால்நடைத் தொண்டு வேலைக்குப் போவதாகச் சொன்னால் வீட்டில் குண்டுவெடிப்பைப் பற்றிக் கேட்பார்கள், நண்பர்கள் தாலிபானைப் பற்றிக் கேட்பார்கள். ஃப்ரிட்ஜைப் பற்றி ஒருவர்கூடக் கேட்க மாட்டார். அங்கே தெருநாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்துவந்த எங்கள் குழு இழந்த பணத்திலும் காலத்திலும் பெரும்பகுதி ஃப்ரிட்ஜ், வங்கி, காகிதம் ஆகிய மூன்றில்தான் போனது. அறுவை மேசையில் செத்த நாய்கள் குறைவு. மேசைக்கு வந்து சேராமலே போனவை அதிகம். மயக்க மருந்து எல்லையில் நின்றுவிடும், தடுப்பூசி கெட்டுவிடும், சம்பளம் வராமல் உதவியாளர் ஊரைவிட்டே போய்விடுவார். யாராவது முன்னமே உட்காரவைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். படிக்கிறவர் கால்நடை மருத்துவரோ அவரோடு வேலை செய்கிறவரோ என்று வைத்துக்கொண்டுதான் அளவுகளைச் சொல்கிறேன். மற்றவர்கள் இதைப் பார்த்து வீட்டு நாய்க்கு எதையும் போட வேண்டாம்.

முதலில் அனுமதி. அரசு சாரா அமைப்பு எதுவானாலும் பொருளாதார அமைச்சகத்தில் பதிவு செய்தாக வேண்டும். கால்நடை வேலை என்றால் விவசாய, நீர்ப்பாசன, கால்நடை அமைச்சகத்தோடு தனி ஒப்பந்தம். இதோடு முடிந்தது என்று நினைத்துக் காபூல் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜலாலாபாத் போனால் திரும்பி வர வேண்டியதுதான். மாகாண அலுவலகம் தன் முத்திரையோடு இன்னொரு கடிதம் தர வேண்டும். கிழக்கிலும் தெற்கிலும் பஷ்தூவில், காபூலிலும் ஹெராத்திலும் தாரியில் என்று இரண்டு மொழியிலும் கடிதம் இருக்கட்டும். மூலக் கடிதம் அலுவலகத்தை விட்டு வெளியே போகவே கூடாது. வண்டிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வண்ண நகல் போதும். சோதனைச்சாவடியில் நிற்கும் இளைஞர் எழுத்தைவிட முத்திரையைத்தான் பார்ப்பார். வண்டியில் இருக்கும் மருந்து, ஊசி, வலை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். மயக்க ஊசி சுடும் துப்பாக்கி, ஊதுகுழல் இரண்டையும் வாங்கவே வேண்டாம். ஆயுதம் போலத் தெரிகிற எதையும் அந்தச் சாலைகளில் யாருக்கும் விளக்கிச் சொல்லி மாளாது. வலையும் சுருக்குக் கம்பும் போதும்.

காகிதத்தோடு சேர்ந்த தொல்லை ஒன்று, தேதி. சூரிய ஹிஜ்ரி, சந்திர ஹிஜ்ரி, ஆங்கிலத் தேதி மூன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளூர் உதவியாளர் தடுப்பூசி அட்டையில் 1403 ஹமல் 15 என்று எழுதுவார். அது 2024 ஏப்ரல் 3. அவருக்கு அது சரியான தேதி. ஐரோப்பிய விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது தேதியே இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு கட்டம் அச்சடித்து வைத்து, ஆங்கிலத் தேதியை எப்போதும் ஒரே ஆள் நிரப்புவது என்று முதல் நாளே பழக்கிவிட்டால் பின்னால் வரும் பாதிச் சண்டை இல்லை.

அடுத்து பணம். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் மத்திய வங்கியின் வெளிநாட்டு இருப்பு முடக்கப்பட்டது. வங்கிகள் ஒரு கணக்குக்கு வாரம் 200 டாலர் அல்லது 20,000 ஆப்கானி என்று கட்டுப்பாடு போட்டன. அந்த வரம்பு பிறகு தளர்ந்தது, ஆனால் பழைய நிலை திரும்பவில்லை. 2021 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2615ஆம் தீர்மானத்தின் மூலம் மனிதாபிமான உதவிக்குத் தடையில்லை என்றது. அமெரிக்காவும் பொது உரிமங்கள் வெளியிட்டது. சட்டம் அனுமதித்தாலும் வழியில் இருக்கும் வங்கி பயப்படுகிறது. பணம் அனுப்பும் படிவத்தில் காபூல் என்ற சொல்லைப் பார்த்தாலே நிறுத்திவைத்து, விளக்கம் கேட்டு, வாரக்கணக்கில் இழுத்து, கடைசியில் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்பும். ஊரை மறைத்து எழுதும் ஆசை வரும். செய்யாதீர்கள், கணக்கையே மூடிவிடுவார்கள். செய்ய வேண்டியது, பணம் அனுப்பும் முன்பே வங்கியின் இணக்கப் பிரிவுக்குப் பதிவுச் சான்று, ஒப்பந்தம், வரவு செலவுத் திட்டம், பணம் பெறும் ஒவ்வொருவரின் பெயர் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட கடிதத்தை வாங்கிவைத்துக்கொள்வது.

அப்படியும் அவசரத்துக்கு நடப்பது ஹவாலாதான். காபூலில் சராய் ஷாஜாதா என்ற பணச் சந்தையில் அந்த வியாபாரம் வெளிப்படையாகவே நடக்கிறது. நூறு டாலருக்கு நான்கு முதல் எட்டு டாலர் வரை எங்களிடம் பிடித்திருக்கிறார்கள். எல்லை மூடினால், பெருநாள் நெருங்கினால் கட்டணம் ஏறும். இதைத் திட்டச் செலவில் தனி வரியாகவே போடுங்கள். நிர்வாகச் செலவில் ஒளித்துவைத்தால் ஆண்டு முடிவில் தணிக்கையாளர் முன் திணற வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற முகவரை மட்டும் பயன்படுத்துங்கள். ரசீதில் பணம் பெற்றவரின் கைரேகை, அன்றைய மாற்று விகிதம், இரண்டு சாட்சிக் கையெழுத்து இருக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று வழக்கறிஞரிடம் முன்பே கேட்டு, அந்தப் பதிலையும் கோப்பில் வையுங்கள். கையிருப்பில் மூன்று மாதச் சம்பளம் ஆப்கானி நோட்டாக இருக்க வேண்டும். டாலர் நோட்டு பழசாகவோ கிழிந்தோ இருந்தால் குறைத்துத்தான் எடுப்பார்கள்.

மருந்துக்கு வருவோம். தெருநாய்க் கருத்தடைக்கு வாயு மயக்கம் எல்லாம் அங்கே கனவு. ஊசியாகப் போடும் சைலசினும் கெட்டமைனும்தான் கை கொடுக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். சைலசின் கிலோவுக்கு 1 மில்லிகிராம், கெட்டமைன் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று தசையில் போட்டால், 20 கிலோ நாய்க்கு 200 மில்லிகிராம் கெட்டமைன். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள 10 மில்லி குப்பியில் இரண்டரை நாய்தான். ஆட்டு மந்தையோடு நகரும் கூச்சி மக்களின் காவல் நாய் ஒன்று 50 கிலோ இருக்கும். அது ஒன்றே ஒரு குப்பியைக் காலி செய்துவிடும். சிறிய நாய்களை வைத்துச் சென்னையிலோ மும்பையிலோ போட்ட கணக்கை அப்படியே எடுத்துப் போனால் பாதி மாதத்திலேயே அலமாரி காலி. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள குப்பி கிடைத்தால் அதையே கேளுங்கள்; ஆனால் இரண்டு செறிவையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். மின்வெட்டில், டார்ச் வெளிச்சத்தில் குப்பியை மாற்றி எடுத்தால் இரட்டை அளவு போய்விடும். சைலசினை முறிக்க யோகிம்பின் கைவசம் இருக்கட்டும். நாளுக்கு எத்தனை அறுவை என்ற எண்ணிக்கையை நன்கொடையாளரின் இலக்கு தீர்மானிக்க விடாதீர்கள். கெட்டமைன் இருப்பு தீர்மானிக்கட்டும்.

துபாய் வழியாகப் போகும்போது இதைக் கைப்பெட்டியில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். அங்கே கெட்டமைன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதி இல்லாமல் சிக்கினால் தொண்டு நிறுவன அட்டை காப்பாற்றாது. உள்ளூரில் உரிமம் பெற்ற இறக்குமதியாளர் மூலம் வாங்குவதுதான் வழி, விலை கூடினாலும். சந்தையில் கிடைக்கும் மருந்துகளில் தரமானதும் உண்டு, போலியும் உண்டு. புதுத் தொகுதி வந்ததும் முதல் சில நாய்களுக்கு மயக்கம் வரும் நேரத்தையும் தெளியும் நேரத்தையும் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிடப் பெரிதாக விலகினால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். தையலுக்கு உடலே கரைத்துக்கொள்ளும் நூலை மட்டும் வாங்குங்கள். தோலையும் உள்தையலாகவே மூட வேண்டும். தெருவுக்குத் திரும்பிய நாயைத் தையல் பிரிக்க யாரும் மறுபடி பிடித்துத் தரப்போவதில்லை.

இப்போது ஃப்ரிட்ஜ். ரேபிஸ் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெப்பத்துக்குப் பயந்து ஐஸ் கட்டிகளை அடுக்குவோம். காபூல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அங்கே தடுப்பூசியைக் கொல்வது குளிர். வீட்டு ஃப்ரிட்ஜின் வேலை உள்ளே இருப்பதைக் குளிர்விப்பதுதான், சூடாக்க அதற்குத் தெரியாது. சூடுபடுத்தாத கிடங்கு அறையில் இரவு மைனஸ் ஆறு என்றால், கம்ப்ரசர் ஓடாமலே ஃப்ரிட்ஜுக்குள்ளும் வெப்பம் இறங்கி உறைநிலைக்குப் போய்விடும். எதிர்ப்பாற்றலைக் கூட்டும் அலுமினியத் துணைப்பொருள் கலந்த, செயலிழக்கச் செய்த வைரஸ் தடுப்பூசி ஒரு முறை உறைந்தால் பிறகு உருகினாலும் பயனில்லை. பார்த்தால் தெரியாது என்பதுதான் கொடுமை. எங்களுக்கு ஒரே வார இறுதியில் 2,000 டாலருக்கு மேல் இப்படிப் போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. எந்த நாள் உறைந்தது என்று தெரியாததால், அதற்கு முன் ஊசி போட்ட நாய்களையும் நம்ப முடியவில்லை. தெருவில் அவற்றைத் திரும்பத் தேடிப் பிடித்து மறுபடி போட வேண்டியிருந்தது.

உறைந்ததா என்ற சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்குங்கள். சந்தேகக் குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பாருங்கள். உறைந்தது சீக்கிரம் படிந்து மேலே தெளிந்துவிடும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். ஒரு குப்பி செலவு, அவ்வளவுதான். துணைப்பொருள் கலந்த தடுப்பூசிக்கு மட்டுமே இது பொருந்தும்.

முன்கூட்டியே தடுக்க வேண்டுமென்றால், ஃப்ரிட்ஜ் இருக்கும் அறை இரவிலும் 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பப் பதிவுக் கருவியைத் தடுப்பூசிப் பெட்டிகளுக்கு நடுவே வையுங்கள்; கதவில் வைத்தால் பொய் சொல்லும். காலை மாலை இருவேளையும், விடுமுறையான வெள்ளிக்கிழமை உட்பட, ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஐஸ்பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே தடுப்பூசியோடு வைக்கக் கூடாது. குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைத்திருங்கள். ஜனவரியில் வெளி வேலைக்குப் போகும்போது ஐஸே வேண்டாம், குழாய்த் தண்ணீர் நிரப்பிய பேக் போதும். மின்சாரத்தில் பெரும்பங்கு உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் போன்ற அண்டை நாடுகளிலிருந்து வருகிறது, குளிர்காலத்தில் வெட்டு அதிகம். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் மின்னழுத்தம் எகிறிக் கம்ப்ரசர் போகும், ஆகவே ஸ்டெபிலைசர் கட்டாயம். நிதி இருந்தால் பேட்டரி இல்லாமல் நேரடியாகச் சூரிய ஒளியில் ஓடும் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் வாங்குங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட ரேபிஸ் தடுப்பூசியை 25 டிகிரியில் ஆறு மாதம், 30 டிகிரியில் மூன்று மாதம் வைத்த பிறகும் நாய்களிடம் எதிர்ப்பாற்றல் குறையவில்லை என்று தான்சானியாவில் செய்த ஆய்வு காட்டியது. அலட்சியத்துக்கு அது சாக்கு இல்லை. கோடையில் இரண்டு மணி நேரம் பெட்டி சூடாகிவிட்டதற்குப் பதறுகிறவர்கள் குளிர்கால இரவைக் கண்டுகொள்வதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குளிரோடு சேர்ந்து இன்னொரு ஆபத்து புகாரி, அதாவது நிலக்கரியோ விறகோ மரத்தூளோ எரியும் தகர அடுப்பு. மயக்கம் தெளியாத நாய்களை அதன் பக்கத்தில் கிடத்துவார்கள். புகைபோக்கி சரியில்லையென்றால் அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து நாயும் போகும், காவலுக்குப் படுத்தவரும் போவார். எச்சரிக்கைக் கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். நாய்க்கு வெந்நீர் புட்டியும் போர்வையும் வைத்து, அறையை அளவாக மட்டும் சூடாக்குங்கள்.

நாய் பிடிக்கும் வேலை. காபூல் நகரம் 22 நாஹியாக்களாக, அதாவது நகரப் பகுதிகளாக, பிரிந்திருக்கிறது. நன்கொடையாளர்களுக்கு நகரம் முழுக்க வேலை நடப்பதாகக் காட்ட ஆசை. அங்கே பத்து, இங்கே பத்து என்று போட்டால் ரேபிஸ் நிற்காது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி விழுந்தால்தான் பரவல் அறும். ஒரு நாஹியாவை எடுத்து, தெருத் தெருவாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எது முடிந்த நாய் என்று தெரிய காதில் வெட்டு வைப்பது பல ஊர்களில் வழக்கம். இங்கே காவல் நாய்களுக்கும் சண்டை நாய்களுக்கும் குட்டியிலேயே காதை அடியோடு அறுத்துவிடுகிறார்கள். வெட்டு வைக்கக் காதே இருக்காது. பெண் நாய்க்கு அறுவையின்போதே அடிவயிற்றில் பச்சை மை குத்திவிடுங்கள், ஆணுக்குத் தொடையின் உட்புறம். கழுத்துப்பட்டை கட்டினால் யாராவது கழற்றிக்கொள்வார்கள், ஆனால் அது இருக்கும் வரை நாய்க்குச் சொந்தக்காரர் இருப்பதாகக் கல்லடி குறையும். நகராட்சி ஆட்கள் விஷம் வைத்துத் தெருநாய்களைக் கொன்ற வழக்கம் உண்டு. எந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்று அந்த அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நகரத்துக்கு வெளியே ஓடும் நாயைத் துரத்திக்கொண்டு பாதையை விட்டு இறங்கவே கூடாது. சிவப்பு வண்ணம் அடித்த கல் தெரிந்தால் அதற்கு அப்பால் கண்ணிவெடி. வண்ணமே அடிக்காத வயல் அதைவிட மோசம்.

காப்பகம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டிய மறுநாளிலிருந்தே வாசலில் குட்டிகளைப் போட்டுவிட்டுப் போவார்கள், அதோடு குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸும் வரும். எண்ணிக்கை ஏற ஏற மருந்துப் பணம் தீவனப் பணமாக மாறிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் 14 நாள் தனிமைக் கூடம் ஒன்றை முதலில் கட்டுங்கள், அதற்குத் தனி ஆள், தனிச் செருப்பு, தனி வாளி. தரை துடைக்கும் சாதாரண வாசனைத் திரவம் பார்வோவைத் தொடாது. சோப்பால் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும்.

கடி நிச்சயம் விழும். கிளம்பும் முன் முன்தடுப்பு ரேபிஸ் ஊசி இரண்டு, முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும். மருத்துவர் மட்டும் போட்டுக்கொண்டு போதும் என்றிருப்பது அநியாயம். ஓட்டுநர், காவலாளி, கூண்டு கழுவுகிறவர் எல்லோருக்கும் வேண்டும். முன்தடுப்பு போட்டவருக்குக் கடித்த பிறகு உடனே ஒன்று, அதிலிருந்து மூன்று நாள் கழித்து ஒன்று என்று இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. போடாதவருக்கு அது தேவை, அது அந்த நாட்டில் கேட்ட இடத்தில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. எதுவானாலும் முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும், முழுதாகப் பதினைந்து நிமிடம். உண்ணியை வெறும் விரலால் நசுக்காதீர்கள். கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் அங்கே ஆண்டுதோறும் வருகிறது, தியாகத் திருநாளை ஒட்டி ஆடுமாடுகள் கூட்டமாக நகரும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

நாயோடு நின்றுவிட்டால் ஊரார் உங்களை வெறுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பிள்ளைக்கு ரொட்டி இல்லாத வீட்டின் முன் நாய்க்கு இறைச்சி போடுகிறவரை யார் மதிப்பார்கள்? ஆடும் மாடும் கழுதையும்தான் அவர்களின் சேமிப்பு. ஆனால் அங்கே போய் இலவச மருந்து முகாம் போடுவது இன்னொரு தீமை. டச்சுக் குழு ஒன்று 1988 முதல் ஆப்கான் கிராமங்களில் துணைக் கால்நடைப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வந்திருக்கிறது. அந்தப் பணியாளர்கள் நடத்தும் கால்நடைக் கள மையங்கள் கட்டணம் வாங்கிப் பிழைப்பவை. வெளியிலிருந்து வந்த வண்டி ஒரு வாரம் குடற்புழு மருந்தை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த ஆறு மாதம் அந்தப் பணியாளரிடம் காசு கொடுத்து வாங்க ஆளிருக்காது. அவர் கடையை மூடிவிட்டு ஈரானுக்குக் கூலி வேலைக்குப் போவார். வண்டியும் திரும்பி வராது. இதற்குச் சீட்டு முறைதான் சரி. ஏழைக் குடும்பங்களுக்கு வைத்தியச் சீட்டு கொடுங்கள், அவர்கள் அதே பணியாளரிடம் போகட்டும், அவர் சீட்டை உங்களிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளட்டும். கால்நடை நெருக்கடி உதவிக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன.

வீட்டு முற்றத்தில் இருக்கும் கோழியையும் கறவை மாட்டையும் பார்ப்பவர்கள் பெண்கள். அந்நிய ஆண் அந்த முற்றத்துக்குள் போக முடியாது. 2022 டிசம்பர் 24 அன்று அரசு சாரா அமைப்புகளில் பெண்கள் வேலை செய்யத் தடை வந்தபோது அந்த முற்றங்களுக்கு வைத்தியம் போகும் வாசலும் மூடியது. அந்த அறிவிப்பு வந்த நாளின் கோபத்தை எழுதிப் பயனில்லை. சில மாகாணங்களில் உள்ளூர்ப் பெரியவர்களின் ஒப்புதலோடு வீட்டளவில் வேலை தொடர்ந்தது, சில இடங்களில் முடியவில்லை. எதைச் செய்தாலும் அபாயத்தைச் சுமப்பது அந்தப் பெண்தான். முடிவை அவரிடமே விடுங்கள். வேலை நின்றாலும் சம்பளத்தை நிறுத்தாதீர்கள்.

நங்கர்ஹார் சுர்க்ரோத், காபூல் தே சப்ஸ் பக்கம் செங்கல் சூளைகளில் கழுதைகளைப் பார்ப்பீர்கள். முன்பணக் கடனில் சிக்கிய குடும்பத்திடம் கழுதைக்குப் பத்து நாள் ஓய்வு கொடு என்று சொல்வது வெறும் பேச்சு. சேணத்தைத் திருத்துங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தடித்த மெத்தை வைத்து, நடுவில் வாய்க்கால் போல இடைவெளி விட்டால் பாரம் எலும்பில் இறங்காது. புண்ணுக்கு நேரே மெத்தையில் ஓட்டை வெட்டும் வழக்கம் உண்டு. ஓட்டையின் விளிம்பு அழுத்திப் புண் பெரிதாகும். ஆழமான புண் எதுவானாலும் டெட்டனஸுக்கு ஊசி போடாமல் விடாதீர்கள். கழுதை வலியைக் காட்டாது. தீனியை விட்டு நின்றால் அதுவே அவசரம். ரத்தத்தைக் குழாயில் நிறுத்திப் பாருங்கள், மேலே வரும் நீர் பால் போலக் கலங்கியிருந்தால் ரத்தத்தில் கொழுப்பேறிவிட்டது. குதிரைக்குப் போடும் அளவில் கெட்டமைன் போட்டால் கழுதைக்குச் சீக்கிரம் தெளிந்துவிடும், அடுத்த ஊசியை முன்பே ஏற்றி வைத்துக்கொண்டு கத்தியை எடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் வேலை, நாயை வெளிநாட்டுக்கு அனுப்புவது. ஐரோப்பாவுக்கு என்றால் வரிசை மாறக் கூடாது. முதலில் 15 இலக்க மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நான்கு மாதம். ரத்தத்தை உறையவிட்டு, சீரத்தைப் பிரித்து, அதை மட்டும் அனுப்புங்கள். முழு ரத்தமாக அனுப்பினால் வழியில் சிதைந்து ஆய்வகம் நிராகரிக்கும். சிப் எண்ணைக் கையால் எழுதாதீர்கள், சிப்போடு வரும் பட்டைக் குறி ஸ்டிக்கரை ஒவ்வொரு தாளிலும் ஒட்டுங்கள். ஓர் இலக்கம் தவறினால் சோதனை செல்லாது. புது ரத்தம், புதுக் கட்டணம், புது மூன்று மாதம். அதுவரை தீவனம். ஒரு நாய்க்கு இப்படி வீணானது 600 டாலருக்குக் குறையாது. சிப் குத்தும் முன் ஊசிக்குள் இருக்கும்போது ஒரு முறை, குத்திய பின் ஒரு முறை, ரத்தம் எடுக்கும்போது ஒரு முறை என்று ஸ்கேன் செய்யுங்கள்.

அமெரிக்கா 2021 ஜூலை 14 முதல் ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை நிறுத்திவைத்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் புது விதி. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும், படிவம் வேண்டும். ஆப்கானிஸ்தான் போன்ற நாட்டில் தடுப்பூசி போட்ட நாய்க்கு அங்கீகரித்த பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் வேண்டும். செல்லத்தக்க ரத்தச் சோதனை இல்லாவிட்டால் 28 நாள் அங்கே அடைப்பு, செலவு உங்களுடையது.

கூண்டின் நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் தொடக்கம் வரையுள்ள நீளத்தோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதி. அகலம் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம் நிற்கும்போது காது நுனி வரை, அதோடு விரிப்பின் தடிமன். கூச்சி நாய்க்கு 122க்கு 81க்கு 89 சென்டிமீட்டர் கூண்டு என்றால், மூன்றையும் பெருக்கி 6000ஆல் வகுங்கள். 146 கிலோவுக்கு மேல் வரும். நாய் 45 கிலோதான். விமான நிறுவனம் 147 கிலோவுக்குப் பணம் வாங்கும். பல நன்கொடையாளர்கள் இந்த இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். மயக்க மருந்து கொடுத்த நாயை ஏற்ற மாட்டார்கள். கூண்டுக்குப் பழக்க முன்கூட்டியே மூன்று வாரம் அதிலேயே சோறு வையுங்கள். சாலை வழி என்றால், 2025 அக்டோபரில் மூடும் வரை, பாகிஸ்தான் எல்லையிலுள்ள டோர்காம். அந்த வாசல் 2023 செப்டம்பரில் ஒன்பது நாள் மூடியிருந்தது, 2025 பிப்ரவரி மார்ச்சில் ஏறக்குறைய ஒரு மாதம். எங்கள் மருந்து வரத்தும் அதே வாசலை நம்பித்தான் இருந்தது, அதனால் இரண்டு மாத இருப்பு இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நாய்க்குப் பாஸ்போர்ட் தயாராகும்போது ஊழியருக்குத் தயாரா என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் காபூல் விமான நிலையத்தில், வெளியேறும் விமானங்களில் இடம் விலங்குக்கா மனிதருக்கா என்று உலகமே சண்டை போட்டது நினைவிருக்கும். வெளியேற்றத் திட்டத்தில் ஊழியரும் அவர் குடும்பமும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், கடவுச்சீட்டுச் செலவு முதல் ஆண்டுச் செலவிலேயே வர வேண்டும். படம் எடுப்பதிலும் கவனம். 2024 ஆகஸ்டில் வந்த ஒழுக்கச் சட்டம் உயிருள்ளவற்றின் உருவங்களை வெளியிடுவதைத் தடுக்கிறது. நன்கொடை திரட்டுவதோ நாயின் முகத்தைக் காட்டித்தான். கட்டுப் போட்ட கால், மருந்து ரசீது, பதிவேட்டுப் பக்கம் இவற்றை வைத்தே அறிக்கை எழுதப் பழகுங்கள், நன்கொடையாளரிடம் காரணத்தை ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊழியரின் முகம் எந்தப் படத்திலும் வேண்டாம்.

2025 செப்டம்பர் 29 அன்று நாடு முழுக்க இணையமும் தொலைபேசியும் நின்று, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் செய்யலாம் என்று வைத்திருந்தால் அந்த இரண்டு நாளும் கை கட்டி நிற்க வேண்டியதுதான். நிலையாணைத் தாள் ஒன்றைத் தாரியிலும் பஷ்தூவிலும் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். வலிப்பு, ரத்தப்போக்கு, விஷம், ரேபிஸ் சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் எடைவாரியாக எத்தனை மில்லி, யார் போடலாம், எந்த நிலையில் கருணைக்கொலை, அதற்கு யார் இருவர் கையெழுத்து. பென்டோபார்பிட்டால் கிடைக்காத ஊர் அது. அதனால் மற்ற மருந்தெல்லாம் தீர்ந்தாலும், பெரிய நாய் ஒன்றை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தும் அளவுக்குச் சைலசினும் கெட்டமைனும் தனிப் பெட்டியில் பூட்டி, சாவி இருவரிடம் இருக்கட்டும். கருத்தடைக்கு அவசரம் என்று அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.